தலையெழுத்து

எங்கள் ஊர்ப் பெயருக்குப் படகு என்று பொருள்.
படகு விட ஆறில்லை;
இருந்தவற்றையும் தெருவுக்கு அடியில்
குழாயில் போட்டு மூடிவிட்டார்கள்.
வூச் என்று சொல்ல வேண்டும்.
எழுதும்போது முதலில் ஓர் எல்,
அதன் இடுப்பில் குறுக்கே ஒரு கோடு.
அந்தக் கோடு தின்றதுதான்
என் மூன்று நாள்.

செவ்வாய் இரவு பழைய சர்வரை அணைத்தோம்.
புதன் காலையிலிருந்து
லேபிள் அடிக்கும் இயந்திரம்
அந்த எழுத்தைக் கண்டால்
கேள்விக்குறி துப்புகிறது.
ஊரின் தலையெழுத்தே கேள்விக்குறி.
தபால்காரர்கள் சிரித்துக்கொண்டு சமாளித்தார்கள்.
பவூத்தி பேட்டையின் வூத்ஸ்யா வபேந்த்ஸ்காவுக்கு மட்டும்
பெயரில், குடும்பப் பெயரில், பேட்டையில், ஊரில்
எங்கும் அதே எழுத்து.
மூன்று முறை போன பொட்டலம்
மூன்று முறையும் திரும்பி வந்தது.

'என் கணினியில் சரியாக வருகிறதே'
என்று சொல்லாதே.
டோப்ராவா கெட்டிலுக்கு மேலே எழுதி ஒட்டியிருக்கிறாள்.
கீழே இன்னும் சில:
பிழைச் செய்தியை முழுதாகப் படி, பிறகு மூடு.
தற்காலிகம் என்று எழுதினால் தேதி போடு.
வெள்ளி மூன்று மணிக்கு மேல் எதையும் ஏற்றாதே.
கடைசி வரி சிவப்பில், இரண்டு அடிக்கோடு.
அந்த வெள்ளியைப் பற்றி
இங்கே யாரும் பேசுவதில்லை.

புதன் முழுக்க எழுத்துருவைச் சந்தேகித்தேன்.
வியாழன் அச்சுப்பொறியைக் கழற்றி
மை அப்பிய விரலோடு பீட்ரூட் சூப் குடித்தேன்.
வெள்ளி இரண்டே முக்காலுக்கு அகப்பட்டது:
பதின்மூன்று வருடப் பழைய ஒரு வரி.
உலகத்தில் மொத்தம்
நூற்றிருபத்தெட்டு எழுத்துகள்தாம் என்று
நம்பிய யாரோ எழுதியது.
மேலே குறிப்பு: தற்காலிகம்.
தேதி இல்லை.

திருத்த ஒரே சொல் போதும்.
சோதனைகள் ஓடி முடிய நாற்பது நிமிடம்.
பச்சை, பச்சை, பச்சை,
மணி மூன்று இருபத்தைந்து.
டோப்ராவா ஒன்றும் சொல்லவில்லை.
கெட்டிலில் தண்ணீர் மட்டும் வைத்தாள்.

அப்போது வூத்ஸ்யாவின் மின்னஞ்சல் மறுபடியும்:
"நான் கார் ஓட்டக் கற்றுத் தருபவள்.
காதுக்கருவிக்கு பேட்டரி இல்லை.
மாணவன் கியர் மாற்றும்போது
வண்டி அலறுவது எனக்குக் கேட்பதில்லை.
முதல் நாள் நிம்மதியாக இருந்தது.
இப்போது பயமாக இருக்கிறது."

பொத்தான் மேல் இருந்த விரலை
எடுத்துக்கொண்டேன்.
பொட்டலத்தின் கேள்விக்குறிகள் மேல்
வெள்ளைத்தாள் ஒட்டி
டோப்ராவாவின் பேனாவால் எழுதினேன்.
எல், குறுக்கே கோடு.
எல், குறுக்கே கோடு.
ஒருமுறைகூட மறுக்கவில்லை பேனா.

ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும்;
எங்கள் ஓடம் ட்ராமில் ஏறியது,
என் மடியில்.
வெளியே ஈரப்பனி.
உள்ளே அந்த வரியை
இன்னும் திருத்திக்கொண்டிருந்தேன்.
வேலையை மேசையிலேயே விட்டுவிட்டு வா என்று
டோப்ராவா எழுதியதில்லை.
எப்படி என்று அவளுக்கும் தெரியாது.

நான்காம் மாடி.
மணி அடித்துப் பயனில்லை என்பது
மூன்றாம் முறை அடித்த பிறகே உறைத்தது.
செல்பேசியில் தட்டினேன்: வாசலில் நிற்கிறேன்.

திறந்தாள்.
மன்னிப்பு, சர்வர், கேள்விக்குறி என்று
கத்தினேன்.
அவள் ஒரு விரலை உயர்த்தினாள்.
பேட்டரியின் ஆரஞ்சு ஸ்டிக்கரை உரித்து
உள்ளங்கையில் வைத்துக்கொண்டு
சும்மா நின்றாள்.
காற்று ஏற ஒரு நிமிடம் வேண்டுமாம்;
உடனே மாட்டினால் சீக்கிரம் தீர்ந்துவிடுமாம்.
நானும் நின்றேன்,
ஷூவிலிருந்து தண்ணீர் சொட்ட.
பிறகு காதில் மாட்டிக்கொண்டு கேட்டாள்:
"எதற்கு இப்படிக் கத்துகிறாய்?"

திங்கள் காலை ஒன்பது பத்துக்கு ஏற்றினேன்.
ஊர் திரும்ப வந்தது, கோட்டோடு.
எதுவும் உடையவில்லை,
ஒன்பது நாற்பது வரை.
ஜெர்மனிக்குப் போகும் லேபிள்களில்
யூவின் தலைமேல் இருந்த
இரண்டு புள்ளிகளைக் காணோம்.

டோப்ராவா கையை நீட்டினாள்:
"என் பேனா?"